ஏபிஐ 20இ ஸ்ட்ரிப்: ஃபுட் பாய்சன் விசாரணையில் எதுவரை கைகொடுக்கும்?

கல்லூரி விடுதியிலோ கல்யாண மண்டபத்திலோ சாப்பிட்ட ஐம்பது பேர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால், மலமாதிரியும் மிச்ச உணவும் லேபுக்கு வந்து சேருமுன்பே "எந்தக் கிருமி?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பெயர் சொல்ல 1970-களிலிருந்து லேபுகளில் புழங்கிவரும் பொருள், பிரான்சின் பயோமெரியூ நிறுவனத்தின் ஏபிஐ 20இ ஸ்ட்ரிப். மால்டி-டாஃப் கருவியும் (கிருமியின் புரதங்களின் எடையை வைத்துப் பெயர் சொல்வது) பிசிஆர் பேனலும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) வந்தபிறகும், சிறிய ஆஸ்பத்திரி லேபுகளிலும் கல்லூரிகளிலும் உணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறைகளிலும் இது இன்னும் இருக்கிறது. ஒரு இன்குபேட்டரும் கவனமான கையும் இருந்தால் வேலை நடக்கும் என்பதுதான் காரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குடல்வகை கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை (கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் வகை) அடையாளம் காண்பதில் இது நம்பகமான பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு ஃபுட் பாய்சன் சம்பவத்தின் காரணத்தை நிரூபிக்க இது மட்டும் போதாது. சில சம்பவங்களில் பெட்டியைத் திறக்கவே தேவையிருக்காது. அந்த எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணமும் போகும், அதைவிட முக்கியமாக, விசாரணையின் முதல் மூன்று நாட்களும் போகும்.

பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

25 ஸ்ட்ரிப் கொண்ட பெட்டிதான் பொதுவாகக் கிடைப்பது. ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தட்டு, முடிவு குறிக்க ஒரு தாள். ஸ்ட்ரிப்பில் வரிசையாக 20 குட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பரிசோதனைக்கான பொருள் உலர்ந்த நிலையில் ஒட்டியிருக்கும். குழாயின் கீழ்ப்பகுதி டியூப், மேலே திறந்திருக்கும் குழி கப். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் எந்தப் பரிசோதனையில் எதுவரை நிரப்புகிறோம் என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

முதல்முறை வாங்குபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ரீஏஜென்ட், அதாவது முடிவின் நிறம் தெரியச் சொட்டுவிடும் திரவம். டிடிஏ, ஜேம்ஸ், விபி1, விபி2 எதுவும் இந்தப் பெட்டியோடு வராது. மினரல் ஆயில், ஆக்ஸிடேஸ் ரீஏஜென்ட், காலனியைக் கரைக்க 5 மில்லி சஸ்பென்ஷன் மீடியம் ஆகியவற்றையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆர்டர் போடும்போதே சேர்த்துப் போடாவிட்டால், ஸ்ட்ரிப் வளர்ந்து நிற்கும் காலையில் சொட்டுவிட ரீஏஜென்ட் இல்லாமல் கையைப் பிசைய வேண்டியதுதான். ஸ்ட்ரிப்பை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறை பிரித்தபின் ஈரம் ஏறினால் உலர்ந்த பொருட்கள் கெட்டுவிடும், நம் ஊர்க் காற்றுக்கு இது சாதாரண எச்சரிக்கை இல்லை.

ஸ்ட்ரிப்புக்கு முன்னால் நடக்க வேண்டியவை

இந்தப் பொருளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி இதன் குறையே அல்ல. ஸ்ட்ரிப்பில் போட்ட கல்ச்சர், அதாவது வளர்த்தெடுத்த பாக்டீரியா, சுத்தமாக இல்லை என்பதுதான் விஷயம்.

உணவிலிருந்து சால்மோனெல்லா என்ற கிருமியைப் பிடிக்கும் வழியைப் பாருங்கள். 25 கிராம் உணவை 225 மில்லி பஃபர்டு பெப்டோன் வாட்டரில் கலந்து, 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் வைக்க வேண்டும். சமையல் சூட்டிலோ உலர்ந்த மாவிலோ அடிபட்டுக் கிடக்கும் செல்கள் இதில்தான் உயிர் பிடிக்கும். நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தாண்டினால், அடுத்த கடுமையான மீடியத்தில் அவை செத்துவிடும். பிளேட் காலியாக வரும், அறிக்கையில் 'இல்லை' என்று எழுதிவிடுவோம். மறுநாள் இதிலிருந்து 0.1 மில்லியை 10 மில்லி ராப்பபோர்ட் மீடியத்தில் விட்டு 41.5 டிகிரியிலும், 1 மில்லியை 10 மில்லி முல்லர்-காஃப்மன் டெட்ராதயோனேட்டில் விட்டு 37 டிகிரியிலும் ஒரு நாள் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் எக்ஸ்எல்டி என்ற தேர்வு மீடியத்தின் பிளேட்டிலும் வேறு குணமுள்ள இன்னொரு பிளேட்டிலும் லூப்பால் கோடாக இழுத்துப் பரப்ப வேண்டும். நான்காம் நாள் எக்ஸ்எல்டியில் சிவப்புக் காலனி (பாக்டீரியாக் கூட்டம்), நடுவில் கறுப்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

அந்தக் கறுப்புக் காலனியை நேரடியாக ஸ்ட்ரிப்பில் போடுவதுதான் பெரிய தவறு. தேர்வு மீடியங்கள் மற்ற பாக்டீரியாவைக் கொல்வதில்லை, பெரும்பாலும் அமுக்கித்தான் வைக்கின்றன. நன்றாகத் தெரியும் காலனியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவோ வேறொன்றோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரிப்பில் தடை எதுவும் இல்லாததால் இரண்டும் சேர்ந்து வளரும். ஸ்ட்ரிப்பின் நிறங்களை ஏழு இலக்க எண்ணாக்கித்தான் பெயர் தேடுவோம்; அப்போது வருவது எந்த ஒரு பாக்டீரியாவுக்கும் சொந்தமில்லாத எண். ஆகவே நியூட்ரியன்ட் அகாரிலோ பிளட் அகாரிலோ ஒருமுறை இழுத்து, தனித்து நிற்கும் 18 முதல் 24 மணி நேரக் காலனியைத்தான் எடுக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் கூடும். மலமாதிரி என்றால் பதிவு முதல் ஸ்ட்ரிப் முடிவுவரை குறைந்தது மூன்று நாள், உணவு என்றால் ஐந்து நாள். அதிகாரிகள் அவசரப்படுத்தும்போது இந்த ஒரு நாளைத்தான் லேபுகள் விட்டுக்கொடுக்கின்றன. விட்டுக்கொடுக்கக் கூடாது.

சுத்தமான பிளேட்டிலிருந்தே ஆக்ஸிடேஸும் (அந்த நொதி இருக்கிறதா என்று நிறத்தால் பார்ப்பது) செய்துவிடுங்கள், இது ஸ்ட்ரிப்புக்கு வெளியே செய்யும் 21-வது பரிசோதனை. மெக்கான்கி போன்ற சர்க்கரை உள்ள மீடியத்தின் காலனியை எடுத்தால் அமிலத்தால் பொய்யான நெகட்டிவ் வரலாம். நிக்ரோம் கம்பி லூப்பில் தேய்த்தால் அந்த உலோகமே நீலமாக்கிவிடும், அதனால் பிளாஸ்டிக் லூப் அல்லது மரக்குச்சி நல்லது. பத்து விநாடிக்குள் வந்த நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிரப்பும் முறை

தட்டின் தேன்கூடு போன்ற குழிகளில் சுமார் 5 மில்லி தண்ணீரைப் பரப்பிவிட்டு ஸ்ட்ரிப்பை வைக்க வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் சிறு டியூப்கள் இரவோடு இரவாக வற்றி நிறம் அடர்ந்துபோகும். மாதிரி எண்ணை மூடியில் எழுதாமல் தட்டின் நீண்ட நாக்கில் எழுதுங்கள். பத்து ஸ்ட்ரிப் அடுக்கி வைத்திருக்கும் நாளில் மூடிகள் மாறும், தட்டுகள் மாறாது.

5 மில்லி சஸ்பென்ஷன் மீடியத்தில் ஒரே ஒரு காலனியைச் சீராகக் கரைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று பக்கத்துக் காலனியையும் சேர்த்தால் கலப்படத்துக்கு வாசல் திறந்தாயிற்று. ஸ்ட்ரிப்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் முனையைக் கப்பின் பக்கச் சுவரில் வைத்து மெதுவாக விட்டால் காற்றுக்குமிழி மாட்டாது. சிட்ரேட், விபி, ஜெலட்டின் என்ற மூன்று பரிசோதனைக்கும் டியூப், கப் இரண்டும் நிரம்ப வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் டியூப் மட்டும். பிறகு ஏடிஹெச், எல்டிசி, ஓடிசி, ஹைட்ரஜன் சல்ஃபைடு, யூரியா ஆகிய ஐந்தின் கப்பிலும் மினரல் ஆயில் ஊற்ற வேண்டும். ஸ்ட்ரிப்பில் பெயருக்குக் கீழே கோடு போட்டவை ஆயிலுக்கானவை, பெயரைச் சுற்றிக் கட்டம் போட்டவை கப்வரை நிரப்ப வேண்டியவை என்று அச்சிலேயே அடையாளம் உண்டு. நல்ல வடிவமைப்பு, புதிதாக வரும் டெக்னீஷியனுக்கு ஒரே நாளில் பழகிவிடும்.

ஆயிலை மறப்பது சாதாரணமாக நடக்கும் பிழை, விளைவு பெரிது. ஏடிஹெச், எல்டிசி, ஓடிசி மூன்றிலும் பாக்டீரியா அமினோ அமிலத்தை உடைத்துக் காரத்தன்மை உண்டாக்குகிறதா என்று பார்க்கிறோம். காற்றுப்பட்டால் மீடியத்திலுள்ள பெப்டோன் என்ற புரதச் சத்து உடைந்தே காரம் வந்துவிடும். மூன்றும் சிவந்து நிற்கும், மூன்றும் பொய்யாக இருக்கும். நிரப்பி முடித்தபின் 36 டிகிரியில், இரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம், 18 முதல் 24 மணி நேரம்.

இன்னொரு சிறிய பழக்கம்: நிரப்பிய கையோடு மிச்ச சஸ்பென்ஷனில் ஒரு லூப் எடுத்து நியூட்ரியன்ட் அகாரில் இழுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் அதில் இரண்டு வகைக் காலனி தெரிந்தால், ஸ்ட்ரிப் என்ன எண் சொன்னாலும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். செலவு ஒரு பிளேட்தான்.

படிப்பதும் எண்ணாக்குவதும்

மறுநாள் காலையில் ரீஏஜென்ட் விடுவதற்கு முன் தானாக வந்த நிறங்களைக் குறித்துவிட வேண்டும். மூன்று பரிசோதனைகூட பாசிட்டிவ் ஆகவில்லை என்றால் எதையும் சொட்டாமல் இன்னும் 24 மணி நேரம் வையுங்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் டிடிஏயில் ஒரு சொட்டு. பாசிட்டிவ் என்றால் செம்பழுப்பு உடனே வரும். விபியில் இரண்டு ரீஏஜென்ட்டும் ஒவ்வொரு சொட்டு விட்டு, குறைந்தது பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வரும் மங்கலான ரோஸ் நிறம் நெகட்டிவ்தான். ஆசைப்பட்டு பாசிட்டிவ் போடக் கூடாது. இன்டோலுக்கான ஜேம்ஸ் ரீஏஜென்ட்டைக் கடைசியில் விட வேண்டும், அதிலிருந்து வெளியாகும் வாயு பக்கத்துப் பரிசோதனைகளைக் குழப்பும்.

சால்மோனெல்லா ஸ்ட்ரிப் ஒன்று எதிரில் இருப்பதாக வைத்துக்கொண்டு இடமிருந்து படிப்போம். ஓஎன்பிஜி (லாக்டோஸை உடைக்கும் நொதிக்கான பரிசோதனை) நிறமில்லாமல் இருக்கும். அடுத்த மூன்றும், அதாவது ஏடிஹெச், எல்டிசி, ஓடிசி, சிவப்பு அல்லது ஆரஞ்சு. சிட்ரேட்டின் கப்பில் நீலப்பச்சை. ஹைட்ரஜன் சல்ஃபைடு டியூப்பில் கறுப்புப் படிவு, சில சமயம் மெல்லிய கோடு மட்டும். யூரியா மஞ்சளாகவே இருக்கும். டிடிஏ, இன்டோல், விபி மூன்றும் நெகட்டிவ். ஜெலட்டினில் கறுப்புத் துகள் கரையாமல் அப்படியே நிற்கும். குளுக்கோஸ், மானிட்டால், இனோசிட்டால், சார்பிட்டால், ராம்னோஸ் வரிசையாக மஞ்சள். சுக்ரோஸ் நீலம். மெலிபயோஸ் மஞ்சள், அமிக்டலின் நீலம், கடைசியில் அரபினோஸ் மஞ்சள்.

இதை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் பாசிட்டிவ் ஆனவற்றுக்கு 1, 2, 4 என்று மதிப்புக் கொடுத்துக் கூட்ட வேண்டும். முதல் மூன்றில் ஏடிஹெச்சும் எல்டிசியும் பாசிட்டிவ், ஆகவே 2-ம் 4-ம் சேர்ந்து 6. அடுத்த மூன்றும் பாசிட்டிவ், 7. அடுத்தது 0. பிறகு குளுக்கோஸுக்கு 4. மூன்று சர்க்கரை, 7. ராம்னோஸும் மெலிபயோஸும், 5. கடைசியில் அரபினோஸுக்கு 2, ஆக்ஸிடேஸ் நெகட்டிவ். 6704752 என்ற ஏழு இலக்கம் கிடைக்கும். இனோசிட்டாலைப் புளிக்கவைக்காத சால்மோனெல்லாவும் நிறைய உண்டு, அதற்கு 6704552. டைஃபாய்டு கிருமி இதில் தனியாகத் தெரியும்: ஓடிசி, சிட்ரேட், அரபினோஸ் எல்லாம் நெகட்டிவ் ஆகி 4404540 போன்ற எண் வரும்.

எண்ணை நிறுவனத்தின் ஏபிஐவெப் தரவுத்தளத்தில் இட்டால் பெயர், சதவீதம், கூடவே 'டி' என்ற குறியீடு வரும். பலர் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிடுகிறார்கள். சதவீதம் சொல்வது, போட்டியிலிருக்கும் மற்ற இனங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பெயருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது. 'டி' சொல்வது, நம் எண் அந்த இனத்தின் வழக்கமான எண்ணுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது. 99.9 சதவீதமும் 0.75-ம் தாண்டினால் மிகச் சிறப்பு; 99-ம் 0.5-ம் மிக நன்று, 90-ம் 0.25-ம் நன்று, 80-க்கு மேல் என்றால் ஏற்கலாம் என்ற அளவு. சதவீதம் 99 இருந்து 'டி' மிகக் குறைவாக வந்தால், படிப்பதில் ஏதோ தவறு அல்லது கல்ச்சரில் கலப்படம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு நிறத்தை மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? மெல்லிய கறுப்புக் கோட்டைக் கவனிக்காமல் விட்டால் 6704752 என்பது 6304752 ஆகிவிடும். ஸ்ட்ரிப்பின் ஹைட்ரஜன் சல்ஃபைடு டியூப், சாதாரண டிஎஸ்ஐ ஸ்லான்ட் (சாய்த்து உறையவைத்த அகார் டியூப்) அளவுக்குத் தாராளமாகக் கறுப்பாகாது. அதனால் ஸ்ட்ரிப்போடு ஒரு டிஎஸ்ஐயும் போட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம். 36 மணி நேரம் தாண்டியபின் ஏடிஹெச், எல்டிசி, ஓடிசியில் தெரியும் ஆரஞ்சு நிறம் நெகட்டிவ். வெள்ளிக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை படிக்கும் வழக்கம் உள்ள லேபுகள் இதை நினைவில் வைத்தாக வேண்டும்.

எங்கே வாங்கிய காசுக்கு மேலே தருகிறது

சால்மோனெல்லாவா, அதைப் போலவே தெரியும் சிட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாவா என்ற குழப்பத்தைத் தீர்ப்பதில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சிட்ரோபாக்டர் ஃப்ராயிண்டியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும், பிளேட்டில் கறுப்பு நடுவோடு வரும். சில சிட்ரோபாக்டர்களின் மேல்தோல் ஆன்டிஜென் சால்மோனெல்லாவுடையதோடு ஒத்துப்போவதால், கண்ணாடித் துண்டில் ஆன்டிசீரம் (குறிப்பிட்ட ஆன்டிஜெனைப் பிடித்துக் கட்டியாக்கும் சீரம்) விட்டாலும் பால் திரிவதுபோலத் திரியும். காலனியையும் சீரத்தையும் மட்டும் நம்பினால், சமையல்காரர் ஒருவரின் மலத்தில் சால்மோனெல்லா என்று தவறாக எழுதி அவரை வேலையை விட்டே அனுப்ப வைக்கலாம். எல்டிசி, ஓஎன்பிஜி இரண்டும் இங்கே பிரித்துக் காட்டிவிடும்: சால்மோனெல்லா எல்டிசி பாசிட்டிவ், ஓஎன்பிஜி நெகட்டிவ், சிட்ரோபாக்டர் ஃப்ராயிண்டி நேர்மாறு. ஒரு மனிதரின் பிழைப்பு இந்த இரண்டு டியூப்பில் இருக்கிறது என்பதை நினைத்துப் படிக்க வேண்டும்.

விப்ரியோ விஷயத்தில் ஒரு நிபந்தனையோடு பயன்படும். மீன், இறால், நண்டு சாப்பிட்டவர்களுக்கு வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் உப்பில்லாமல் வாழாது. வழக்கமான சஸ்பென்ஷன் மீடியத்தில் கரைத்தால் பல டியூப்கள் சோர்ந்துபோய், ஏரோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியாவின் பெயரைச் சொல்லும் அபாயம் உண்டு. 2 சதவீத உப்புக்கரைசலில் கரைத்துப் போடுங்கள்.

எங்கே நின்றுவிடுகிறது

சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவில் இதை நம்ப வேண்டாம். மரபணு அளவில் ஷிகெல்லாவும் ஈ.கோலையும் ஏறக்குறைய ஒரே இனம். வாயு உண்டாக்காத, சோம்பலான ஈ.கோலை வகைகள் ஸ்ட்ரிப்பில் ஷிகெல்லா போலவே தெரியும். மால்டி-டாஃபும் இதே இடத்தில் தடுமாறும். ஆன்டிசீரம் வேண்டும், முடிந்தால் ஐபிஏஹெச் மரபணுவுக்கு பிசிஆர். நூறுக்கும் குறைவான செல்களே நோய் உண்டாக்கப் போதும் கிருமி இது, ஆகவே தவறாகப் பெயர் சொல்வதன் விலை அதிகம்.

ஈ.கோலை என்று வந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை இருக்கிறது. ஷிகா நச்சு உண்டாக்கும் ஓ157:ஹெச்7 வகை பொதுவாக சார்பிட்டாலைப் புளிக்கவைக்காது. அதனால் வழக்கமான ஈ.கோலையின் 5144572 போன்ற எண்ணில் ஐந்தாவது இலக்கம் 5-லிருந்து 1 ஆகும். அதைக் கண்டு உஷாராகலாம். ஆனால் 2011-ல் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 3,800 பேர் பாதிக்கப்பட்டு, 50-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தச் சம்பவத்தின் கிருமி ஓ104:ஹெச்4. அது சார்பிட்டாலைப் புளிக்கவைக்கும் வகை. ஸ்ட்ரிப்பில் போட்டால் சாதாரண ஈ.கோலை என்றுதான் வரும், சார்பிட்டால் மெக்கான்கி பிளேட்டிலும் மற்ற ஈ.கோலையோடு கலந்து நிற்கும். ஷிகா நச்சின் மரபணுவை பிசிஆரில் தேடியதால்தான் பிடிபட்டது.

அதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. மே மாதக் கடைசியில் ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சாட்டினார்கள். அந்த வெள்ளரியில் ஷிகா நச்சு உண்டாக்கும் ஈ.கோலை உண்மையிலேயே இருந்தது. ஆனால் நோயாளிகளிடம் இருந்த ஓ104 வகை அது இல்லை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கள் குப்பைக்குப் போயின. ஜூன் 10-ல்தான் முளைகட்டிய பயிர்கள் என்று அறிவித்தார்கள்; பின்னால் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை வரை தடம் போயிற்று. உணவில் ஒரு பாக்டீரியா கிடைத்தது, நோயாளியிடமும் அதே பெயருள்ள பாக்டீரியா கிடைத்தது என்பதோடு நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

சால்மோனெல்லாவிலும் இதே கதை. 2,600-க்கு மேல் சீரோவகைகள் (ஆன்டிஜெனை வைத்துப் பிரிக்கும் உட்பிரிவுகள்) உண்டு. முட்டையோடு தொடர்புள்ள என்டெரிட்டிடிஸும், டைஃபிமூரியமும் ஸ்ட்ரிப்பில் ஒரே எண் கொடுக்கலாம். மயோனைஸிலிருந்து ஒரு 6704752, நோயாளியிடமிருந்து ஒரு 6704752 கிடைத்தால் அது நல்ல தொடக்கம், அவ்வளவே. முதலில் பாலி ஓ சீரம் (பல ஓ ஆன்டிஜென்களையும் ஒன்றாகப் பார்ப்பது), பிறகு தனித்தனி ஓ, ஹெச் சீரங்கள். சீரத்துக்கு முன் உப்புநீரில் மட்டும் கரைத்துப் பாருங்கள். சும்மாவே திரியும் கல்ச்சருக்கு சீரம் பார்ப்பதில் அர்த்தமில்லை. முழு சீரோவகை வேண்டுமென்றால் இந்தியாவில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனத்திலுள்ள தேசிய சால்மோனெல்லா, எஸ்கரிச்சியா மையம் இருக்கிறது. அதற்குமேல் முழு மரபணு வரிசை. அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பு 1996-ல் தொடங்கியதே, 1993-ல் பர்கர் இறைச்சியால் 700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு நான்கு குழந்தைகள் இறந்த ஓ157 சம்பவத்துக்குப் பிறகுதான். வெவ்வேறு ஊர் நோயாளிகளின் கிருமி ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க 2019 முதல் அது மரபணு வரிசைக்கே மாறிவிட்டது.

ஆகவே ஸ்ட்ரிப் முடிவு வந்ததும் கல்ச்சரைக் கழுவிவிடாதீர்கள். நியூட்ரியன்ட் அகார் ஸ்டாபில் (அகாருக்குள் குத்தி வளர்க்கும் டியூப்) ஒன்று, 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 70 டிகிரியில் ஒன்று. சீரோவகையும் மரபணு வரிசையும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

பெட்டியைத் திறக்கவே கூடாத சம்பவங்கள்

இது மிக முக்கியம், ஆனால் விற்பனையாளர் சொல்ல மாட்டார். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் எல்லோரும் வாந்தி எடுக்கிறார்கள், காய்ச்சல் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ். இரண்டும் கிராம் பாசிட்டிவ். இந்த ஸ்ட்ரிப்பில் இடமே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸின் நச்சு கொதியிலும் அழியாது. மறுபடி சூடாக்கிய உணவில் கிருமி செத்து நச்சு மட்டும் இருக்கும், அதற்கு என்டெரோடாக்ஸின் கிட்தான் வழி. வடித்த சோற்றை வெளியில் வைத்து மறுநாள் தாளித்தால் வரும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நச்சு, 121 டிகிரி ஆட்டோகிளேவையும் தாங்கும். எம்ஒய்பி அகாரில் 30 டிகிரியில் வளர்த்தால் ரோஸ் நிறக் காலனி, சுற்றிலும் வெள்ளை வட்டம். இங்கே பெயரைவிட எண்ணிக்கைதான் பேசும்: சந்தேக உணவில் கிராமுக்கு ஒரு லட்சம் அல்லது மேல் என்றால் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி அந்தச் சம்பவம் உறுதியாகும். ஸ்டஃபைலோகாக்கஸுக்கும் அதே ஒரு லட்சம்தான்.

பெரிய அண்டாவில் செய்து மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்பு, 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும், வாந்தி குறைவு என்றால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். இதை வளர்க்க டிஎஸ்சி அகார், காற்றில்லாச் சூழல். இது ஆரோக்கியமானவர் குடலிலும் இருப்பதால், குறைந்தது இரண்டு நோயாளிகளின் மலத்தில் கிராமுக்கு பத்து லட்சம், அல்லது உணவில் ஒரு லட்சம் காட்ட வேண்டும். உணவை உறைய வைத்து அனுப்பினால் இந்தக் கிருமி செத்துவிடும். குளிரில் மட்டும் வைத்து அனுப்புங்கள், தாமதமாகும் என்றால் கிளிசரால்-உப்புக் கரைசலோடு கலந்து அனுப்புங்கள்.

கேம்பைலோபாக்டரும் லிஸ்டீரியாவும் இதில் வராது. அவற்றுக்குத் தனி ஸ்ட்ரிப்களை இதே நிறுவனம் விற்கிறது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

பயோஃபயர் குடல் பேனல் என்ற பிசிஆர் பேனல் மலமாதிரியில் 22 கிருமிகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தேடும். சிகிச்சைக்கு அருமை. ஆனால் கையில் கல்ச்சர் எதுவும் மிஞ்சாது, சீரோவகையோ மரபணு ஒப்பீடோ செய்ய முடியாது. பேனலில் சால்மோனெல்லா வந்தால் அதே மாதிரியைப் பிளேட்டில் போட்டே ஆக வேண்டும், பிறகு ஸ்ட்ரிப் தேவைப்படும். மால்டி-டாஃப் இருக்கும் லேபுக்கு ஸ்ட்ரிப் அதிகம் தேவையில்லை. கருவி பழுதான நாளுக்கும் சிட்ரோபாக்டர் சந்தேகத்துக்கும் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்குச் சில சம்பவங்களே வரும் லேபில், டிஎஸ்ஐ, எல்ஐஏ (லைசின் அயர்ன் அகார்), யூரியா, இன்டோல், சிட்ரேட் என்று கையால் ஊற்றிய டியூப்களிலேயே சால்மோனெல்லாவுக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். அங்கே முதல் செலவு நல்ல பாலி ஓ சீரமாக இருக்கட்டும், ஸ்ட்ரிப் அடுத்தது. மாதம் பத்துப் பதினைந்து ஐசலேட் (பிரித்தெடுத்த கிருமி) கையாளும் லேபுக்கு இது சரியான பொருள்.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். 25 ஸ்ட்ரிப் தீர எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதைத் தாண்டும் தேதியுள்ள பெட்டியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். குளிர்ப்பெட்டியில் வந்ததா, ஐஸ் பேக் இன்னும் குளிர்ந்திருக்கிறதா என்று இறக்கும்போதே தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புதிய லாட்டிலும் ஒரு ஸ்ட்ரிப்பை, முடிவு முன்பே தெரிந்த தரச்சோதனைக் கிருமியான ஈ.கோலை ஏடிசிசி 25922-க்கும், இன்னொன்றை யூரியாவும் டிடிஏயும் பாசிட்டிவ் காட்டும் ஒரு புரோட்டியஸ் மிராபிலிஸுக்கும் ஒதுக்கிவிடுங்கள். மீதி 23-தான் நோயாளிகளுக்கும் உணவுக்கும் என்று வைத்தே விலையைக் கணக்கிட வேண்டும்.